எல்லா ரவிக்கையும் ஒரே அளவாகிப்போன தீபாவளி

சிங்கப்பூர்,
தீபாவளி கழிந்த வாரம்.

பேரன்பும் பெருமதிப்பும் உடைய பெரியண்ணன் மருதப்பன் அவர்களுக்கு, தம்பி அண்ணாதுரை தலைதாழ்த்தி எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் சுகம் என்று எழுதினால் அது பொய். சுகமில்லை என்று எழுதினால் நீங்கள் மறுநாளே ஈப்போவில் பஸ் ஏறிவிடுவீர்கள், அண்ணியின் முழங்கால் வலியையும் கூட்டிக்கொண்டு. ஆகவே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை என்று நடுவாக எழுதி ஆரம்பிக்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் தாளில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. உங்கள் போன் உங்கள் மருமகள் கையில்தான் இருக்கிறது. அந்தப் பெண் நல்ல பெண்தான், ஆனால் எதைப் பார்த்தாலும் குடும்பக் குரூப்பில் போட்டுவிடுகிறது.

விஷயம் இதுதான். நம் தங்கை ரத்தினம்மா என்னோடு பேசுவதில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் படையலில் நின்ற பேச்சு. போன் அடித்தால் எடுப்பதில்லை. சரி, நேரிலேயே போவோம் என்று தேக்காவில் இருக்கும் அவள் தையல் கடைக்குப் போனேன். நான் எதிரே நிற்கும்போதே அவள் தையல்காரரைப் பார்த்து, "ஹனீபா மாஸ்டர், வந்தவருக்கு என்ன வேணும்னு கேளுங்க" என்றாள். அவரும் பாவம், நாக்கைக் கடித்துக்கொண்டு, "சார், என்ன வேணும்?" என்று கேட்டார். கூடப் பிறந்தவன் கடையில் போய் என்ன வேண்டும் என்று சொல்வான்? "ஒரு கால்சட்டை கால் மடிக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்கு ரசீதும் கொடுத்தாள். அண்ணே, அவள் யார் சொல்லையும் கேட்காவிட்டாலும் உங்கள் சொல்லைக் கேட்பாள். அதற்காகத்தான் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். என் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்காக இல்லை. நியாயம் இல்லை.

ரத்தினத்தின் கடைக் கணினியில் ஓடும் ப்ரோகிராம் நான் எழுதிக் கொடுத்தது என்பது உங்களுக்குத் தெரியும். கப்பல் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில், அவள் கடை திறந்தபோது அண்ணன் சீராகக் கொடுத்தேன். வாடிக்கையாளர் பெயரை அடித்தால் தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் எல்லாம் வரும், பட்டனைத் தட்டினால் ஒரு சீட்டு அச்சாகும், அந்தச் சீட்டைத் துணியில் குத்தி மாஸ்டரிடம் கொடுத்தால் அவர் வெட்டித் தைத்துவிடுவார். பார்க்க அழகில்லை. சாம்பல் நிறம். ஆனால் இத்தனை வருஷமும் ஒரு நாள் மக்கர் பண்ணியதில்லை. அதை அப்படியே விட்டிருக்கலாம் அண்ணே. விட்டிருந்தால் இன்றைக்கு நான் ரத்தினம் வீட்டு முறுக்கைத் தின்றுகொண்டு இருந்திருப்பேன்.

ஓய்வு பெற்ற மனுஷன் சும்மா இருக்கக் கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதைக் கேட்டுத்தான் நான் கெட்டேன். பிடோக்கில் நம் வீட்டுக்குப் பக்கத்துச் சமூக மன்றத்தில் கணினி வகுப்பு நடத்துகிறார்கள். அதில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுக்க வந்தவன் பெயர் ரித்திக். வகுப்பின் முதல் நாளே என் பழைய ப்ரோகிராமைப் பெருமையாகத் திறந்து காட்டினேன். அவன் ஸ்கிரீனைக் கீழே தள்ளினான், தள்ளினான், தள்ளிக்கொண்டே போனான். கடைசியில், "அங்கிள், எல்லாத்தையும் பட்டனுக்குப் பின்னாடியே எழுதி வச்சிருக்கீங்க லா. இப்ப யாரும் இப்படிப் பண்றதில்ல" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குள் நுழைந்த விருந்தாளி பாத்ரூமைத் திறந்து பார்த்துவிட்ட மாதிரி எனக்குக் கூசிப்போய்விட்டது. அப்புறம் அவனே எம்.வி.வி.எம். என்று ஒரு முறையைச் சொன்னான். மாடல், வியூ, வியூமாடல் என்று மூன்று பேர். மாடல் என்பவர் உள்ளே இருந்து உண்மையான கணக்கை வைத்திருப்பவர். வியூ என்பவர் வாசலில் நின்று முகம் காட்டுபவர், அதாவது ஸ்கிரீன். இந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளக் கூடாது. நடுவில் வியூமாடல் என்று ஒருவர் நின்றுகொண்டு, இவர் சொன்னதை அவரிடமும் அவர் சொன்னதை இவரிடமும் சொல்ல வேண்டும். கேட்டபோது எனக்கு ரொம்ப நாகரிகமாகத் தோன்றியது. இப்போது நானும் ரத்தினமும் நேருக்கு நேர் பேசாமல் ஹனீபா மாஸ்டர் நடுவில் நிற்கிறாரே, அதைப் பார்த்த பிறகுதான் அதில் நாகரிகம் ஒன்றும் இல்லை என்று புரிந்தது.

புத்தி இருந்திருந்தால் வகுப்போடு நிறுத்தியிருப்பேன். நானோ ரத்தினத்தின் ப்ரோகிராமையே இந்த முறைக்கு மாற்றப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். அதற்கென்று ஃப்ரேம்வொர்க் என்கிற ஆயத்தக் கூடு ஒன்றை முதலில் கணினியில் இறக்க வேண்டும். இறக்கினால், எனக்கு இன்னொன்று வேண்டும் என்று அது கேட்கும். அந்த இன்னொன்றை இறக்கினால், இந்தப் பதிப்பு ஒத்துவராது என்று சொல்லும். சம்பந்தி வீட்டார் மாதிரி அண்ணே, கேட்டதைக் கொடுத்தால்தான் அடுத்ததைக் கேட்பார்கள். ஒருவழியாக எல்லாம் உட்கார்ந்தது. அடுத்து பைண்டிங். ஸ்கிரீனில் இருக்கும் கட்டத்தையும் உள்ளே இருக்கும் அளவையும் முடிச்சுப் போடும் வேலை. அதில் ஒரு எழுத்துத் தப்பாக அடித்தாலும் தப்பு என்று சொல்லாது. கட்டம் சும்மா காலியாக நிற்கும். உங்கள் தம்பி பொண்டாட்டிக்குக் கோபம் வந்தால் எப்படி நிற்பாளோ அப்படி. என்ன குறை என்று நாமேதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க யாராவது ஒருத்தருடைய உண்மையான அளவு தேவைப்பட்டது. டிவி பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரியிடம் கேட்டேன். "எதுக்கு?" என்றாள். டெஸ்ட்டுக்கு என்றேன். "யாரும் பாக்க மாட்டாங்கள்ல?" என்றாள். "யாரு பாக்கப் போறாங்க" என்றேன். அண்ணே, இந்த ஒரு வார்த்தைக்காக நான் ஆயுசு முழுக்கக் கஷ்டப்படுவேன்.

இப்போது தப்பு எங்கே நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். வியூமாடலை எழுதி முடித்ததும் ஃப்ரேம்வொர்க் ஒரு கேள்வி கேட்கும். ஒவ்வொரு வாடிக்கையாளரைத் திறக்கும்போதும் நடுவில் நிற்கப் புது ஆளை அனுப்பவா, இல்லை எப்போதும் ஒரே ஆள் போதுமா என்று. நம் குடும்பத்துச் சிக்கனம் உங்களுக்குத் தெரியாததா, ஒரே ஆள் போதும் என்று எழுதிவிட்டேன். அந்த ஒரே ஆள் காலையில் எழுந்ததும் வெறும் கையோடு நிற்க வேண்டாமே என்று, சோதனைக்காக என் வீட்டுக்காரியின் அளவை அவன் கையில் கொடுத்து வைத்திருந்தேன். அதை எடுக்க மறந்துபோனேன். அதனால் கடையில் யார் பெயரை அடித்தாலும் பெயர் மாறும், போன் நம்பர் மாறும், அளவு மட்டும் உங்கள் தம்பி பொண்டாட்டியுடையதாகவே நிற்கும். நின்றால்கூடப் பரவாயில்லை. சேமி என்று தட்டக்கூட வேண்டாம், தானாகவே பதிந்துகொள்ளும்படி வேறு வைத்திருந்தேன். ஆக, யாரைத் திறந்தாலும் அவர்களுடைய பழைய அளவு அழிந்து இவளுடைய அளவு பதிந்துவிடும். ஒரு சத்தம் கிடையாது. ஒரு எச்சரிக்கை கிடையாது.

தீபாவளிக் கூட்டம் ஆரம்பிக்கிற நேரத்தில் கொண்டுபோய்க் கடையில் போட்டேன். ரத்தினம் சொன்னாள் அண்ணே, அவள் சொல்லாமல் இல்லை. "சின்னண்ணே, இப்ப வேணாமே. சீசன் முடியட்டும். சிராங்கூன் ரோட்டுல விளக்கு போட்டுட்டாங்க, இனிமே எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது" என்றாள். "நீ ஒண்ணும் பண்ண வேணாம்மா, எல்லாம் தானா நடக்கும்" என்றேன். நடந்தது. ஸ்கிரீன் மயில் கழுத்து நிறத்தில் பளபளவென்று இருந்தது. கவுன்டரில் நிற்கும் நஃபீசா, "கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு அண்ணே" என்றாள். நானும் அதைக் கேட்டு வாயெல்லாம் பல்லாகி, பக்கத்துக் கடையில் எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

துணி வாங்கிப்போக ஆள் வர ஆரம்பித்த அன்று நானும் கடையில்தான் இருந்தேன், பாராட்டு வாங்கலாம் என்று. முதலில் வந்தது சுஷ்மிதா என்ற ஒரு நர்ஸ். ஒல்லியான பிள்ளை. போட்டுப் பார்க்க உள்ளே போனது, சேலைத் தலைப்பால் போர்த்திக்கொண்டு, முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது. "ஆன்ட்டி, இதுக்குள்ள என் ஹேண்ட்பேக்கையும் வச்சுக்கலாம் லா" என்றது. ரத்தினம் சிரித்துக்கொண்டே, ஏதோ மாறிப்போச்சு என்று வாங்கி வைத்தாள். அடுத்து வந்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் போட்டுப் பார்க்கும் அறைக்கு வெளியே பெண்கள் எல்லாம் ரவிக்கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரே ஒரு அம்மாளுக்கு மட்டும் கச்சிதமாக இருந்தது. "இந்த வருஷம்தான் ரத்தினம், நீ ஒழுங்கா தைச்சிருக்கே" என்று வாழ்த்திவிட்டுப் போனார். எனக்கு அன்று கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

ரத்தினம் மாஸ்டரைக் கூப்பிட்டாள். "என்ன மாஸ்டர் இது?" என்றாள். ஹனீபா மாஸ்டர் எல்லாச் சீட்டையும் எடுத்து வந்து மேசையில் பரப்பினார். எல்லாம் ஒரே அளவு. "எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஏதோ டான்ஸ் குரூப்புன்னு நெனச்சேன்" என்றார்.

"தோள் முதக்கொண்டு ஒரே அளவா இருக்கிற டான்ஸ் குரூப்பு எங்க இருக்கு மாஸ்டர்?"

"சிங்கப்பூர்ல எல்லாமே ஒழுங்கா, ஒரே மாதிரி இருக்குமேன்னு நெனச்சேன்க்கா."

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரி எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தாள். வாசலில் நின்ற ஒரு அம்மாள், "இது யாரோட அளவா இருக்கும்?" என்று பொதுவாகத்தான் கேட்டார். நான் பார்த்திருக்கக் கூடாது. என் கண் என்னை அறியாமல் என் வீட்டுக்காரி பக்கம் போய்விட்டது. என் கண் போன பக்கம் ரத்தினத்தின் கண் போனது, நஃபீசாவின் கண் போனது, அப்புறம் கடையில் இருந்த அத்தனை பேர் கண்ணும் போனது. சாப்பாட்டு டப்பாவை மேசையில் வைத்தாள். "எதுக்கு என்னைப் பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். இறங்கிப் போய்விட்டாள். அன்றிலிருந்து தேக்கா மார்க்கெட்டுக்கு அவள் வருவதில்லை. மீன் வாங்க என்னைத்தான் அனுப்புகிறாள், நான் வாங்கிவரும் மீனைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஆனால் அண்ணே, கடையின் மானத்தைக் காப்பாற்றியதும் அவள் உடம்புதான். அவள் கொஞ்சம் வாட்டசாட்டமான ஆள் என்பதால் ரவிக்கை பெரும்பாலும் எல்லாருக்கும் பெரிதாகத்தான் போயிருந்தது, யாருக்கும் சின்னதாகப் போகவில்லை. பெரிசைப் பிடித்துத் தைக்கலாம், சின்னதை என்ன செய்ய முடியும்? ரத்தினம் வந்தவர்களிடம் எல்லாம் மன்னிப்புக் கேட்டு, டேப்பை எடுத்து மறுபடி அளந்தாள். மாஸ்டர் பிடித்துத் தைத்தார். பழைய தையலைப் பிரிக்கும் வேலை எனக்கு. அத்தனை பேருக்கும் நேரத்தோடு கொடுத்துவிட்டோம். அவளுக்குக் கோபம் இருந்தது, இல்லாமல் இல்லை. "உன்கிட்ட அப்புறமா பேசிக்கிறேன் சின்னண்ணே" என்று சொன்னாள். ஆனால் சொல்லிக்கொண்டே எனக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தாள். நானும், சரி, இத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

முடியவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் வழக்கம்போல ரத்தினம் வீட்டில் அம்மாவுக்குப் படையல். அம்மா படத்துக்கு முன்னால் இலை போட்டு, பலகாரம் வைத்து, பக்கத்தில் ஒரு சேலையும் ரவிக்கையும் வைப்பாள், படையல் முடிந்ததும் இரண்டையும் இல்லாத யாருக்காவது கொடுத்துவிடுவாள். நீங்கள் வருகிற வருஷங்களில் பார்த்திருப்பீர்கள். நானும் வருஷா வருஷம் பார்க்கிறேன். அந்த ரவிக்கை எங்கிருந்து வருகிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை அண்ணே. துணி என்றால் துணி என்று நினைத்திருந்தேன். அவள் ஒவ்வொரு வருஷமும் அதை அம்மாவின் அளவுக்கே தைத்து வைக்கிறாள். கடைக் கணினியில் அம்மா பெயரை அடித்து, ஆர்டர் போட்டு, மற்றவர்களைப்போல முறையாகச் சீட்டு எடுத்து மாஸ்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்குவாளாம். மற்ற துணியை எல்லாம் பிரித்துச் சரிசெய்த அமளியில், முன்னாலேயே தைத்து மடித்து வீட்டுக்குக் கொண்டுபோன இந்த ஒன்றை யாரும் நினைக்கவில்லை.

சேலையின் மேல் வைப்பதற்காக அதைப் பிரித்தாள். தோளைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். "இது யாரோடது?" என்றாள். பின்னால் நின்ற என் வீட்டுக்காரி, பாவம், பொய் சொல்லத் தெரியாதவள், "என்னுது மாதிரி இருக்கே" என்று மெதுவாகச் சொன்னாள்.

ரத்தினம் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. ரவிக்கையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டாள். "அம்மாவுக்கு இது தொளதொளன்னு இருக்கும்" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நீதான் தையல்காரியாச்சே, அம்மா அளவு உனக்கு ஞாபகம் இருக்காதா என்று கேட்டேன். எதையாவது சொல்ல வேண்டுமே என்று கேட்டேன். அப்போது அவள் சொன்னதுதான் அண்ணே எனக்குத் தூக்கம் வராத வார்த்தை. "மனசுலதான் வச்சிருந்தேன். நீதானே சின்னண்ணே சொன்னே, இதுல போட்டு வச்சா எப்பவும் அழியாதுன்னு. அதுல இருக்குன்னுதான் மனசுலேருந்து விட்டுட்டேன்." அதற்குப் பிறகு எழுந்து எல்லாருக்கும் சோறு போட்டாள். எனக்கும் போட்டாள். என் இலையைப் பார்த்துப் போட்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

நகல் எடுத்து வைக்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். எடுத்தது. தினமும் கடை மூடும்போது ஒரு தம்ப்டிரைவில் அதுவே நகல் எடுத்துக்கொள்ளும், முந்தின நகலின் மேலேயே. நான் பண்ணிய தப்பை அது விசுவாசமாக, ஒரு புள்ளி விடாமல் நகலெடுத்து வைத்திருக்கிறது.

இப்போது புது ப்ரோகிராமைக் கழற்றிவிட்டேன். பழைய சாம்பல் நிறத்தையே திரும்பப் போட்டுவிட்டேன், ரத்தினம் இல்லாத நேரம் பார்த்துப் போய். வகுப்புக்கும் போவதில்லை. லேப்டாப்பை ஒரு பழைய கைலியில் சுற்றி அலமாரி மேல் தூக்கிப் போட்டுவிட்டேன். இனி இந்த ஜென்மத்தில் அதைத் தொடப்போவதில்லை, இது உங்கள் மேல் சத்தியம்.

உங்களிடம் கேட்பது இரண்டு. அம்மா போன பிறகு அண்ணி ஞாபகத்துக்கு என்று ஒரு சேலை எடுத்துப்போனார்கள். அதோடு ரவிக்கை ஏதும் போயிருந்தால், பெட்டியில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று கிடைத்தால் போதும், அளந்துகொள்வாள். என் வீட்டில் ஒன்றும் இல்லை. வீடு மாறும்போது, இடத்தை அடைக்கிறது என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டவன் நான்தான். இன்னொன்று, ரத்தினத்துக்கு ஒரு போன் போட்டு, உன் சின்னண்ணன் முட்டாள்தான், கெட்டவன் இல்லை என்று சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

அண்ணியின் முழங்காலுக்கு என் வணக்கமும், அண்ணிக்கு என் விசாரிப்பும். அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டேன், சரியாக எடுத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல வேலைக்குப் போய், யாருடைய ப்ரோகிராமிலும் கை வைக்காமல் நீடூழி வாழ அந்தப் பெருமாள் அருளட்டும்.

என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட தம்பி,
அண்ணாதுரை

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி, உறையில் போட்டு, தபால்தலையும் ஒட்டியபின் ரத்தினத்திடமிருந்து போன். உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். "சின்னண்ணே" என்றாள். சொல்லும்மா என்றேன். "அந்தப் புதுசையே திரும்பப் போட்டுக் குடு. பழசுல எழுத்து சின்னதா இருக்குன்னு நஃபீசா கண்ணைக் கசக்கிக்கிட்டு நிக்குது. அந்தத் தப்பை மட்டும் திருத்திடு. பெரியண்ணன்கிட்ட எதையும் சொல்லிக்கிட்டு இருக்காத, அவருக்கு பிரஷர்." சரி என்றேன். வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "அம்மா பேரை அழிச்சிடாத. அளவு இல்லாட்டிப் பரவால்ல. பேரு இருக்கட்டும்" என்றாள்.

ஆகவே நீங்கள் இந்தக் கடிதத்தைப் படிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். போனும் போட வேண்டாம். சத்தியத்தையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், லேப்டாப் மேசைக்கு வந்துவிட்டது. பெட்டியை மட்டும் சத்தமில்லாமல் பார்த்துவிடுங்கள். ஒரே ஆள் போதும் என்று எழுதிய தப்பைத் திருத்திவிட்டேன், இப்போது ஒவ்வொருவருக்கும் புது ஆள் வருகிறான். ஆனால் அம்மா பெயரை அடித்து, அளவைக் காலியாக விட்டால், கட்டமெல்லாம் சிவந்துபோய்ப் பதிய மாட்டேன் என்கிறது. அளவில்லாமல் எந்த வாடிக்கையாளரையும் ஏற்கக் கூடாது என்று நான்தான் விதி எழுதி வைத்திருக்கிறேன். இந்த ஒரு பெயருக்கு மட்டும் அதை எப்படித் தளர்த்துவது என்று ரித்திக்குக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "அங்கிள், ஒரு கஸ்டமருக்காக ரூல்ல ஓட்டை போடுறது சரியில்ல லா" என்றான்.

"அவங்க கஸ்டமர் இல்லப்பா" என்றேன். "ஃபைலைத் திறங்க அங்கிள்" என்றான். பிறகு எங்கே, எந்த வரியில் எழுத வேண்டும் என்று மெதுவாகச் சொல்லிக்கொடுத்தான்.